புதுப்பிக்க ஆளில்லாமல் போன கதைகள்: குட்டன்பர்க் திட்டத்தின் அறிவியல் புனைகதை அலமாரி

இலவச மின்னூல்களைத் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் 1950களின் அமெரிக்க அறிவியல் சிறுகதை ஒன்றைத் திறந்தால், கதையின் முதல் வரிக்கு முன்னால் ஒரு சிறு குறிப்பு நிற்கும். இந்த மின்னூல் இன்ன பத்திரிகையின் இன்ன மாத இதழிலிருந்து உருவாக்கப்பட்டது என்றும், விரிவாகத் தேடிப் பார்த்தும் இதன் அமெரிக்கப் பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்டதற்கான சான்று எதுவும் அகப்படவில்லை என்றும் அது சொல்லும். நான்கு ஆண்டுகளாக இந்த அலமாரியிலிருந்து இறக்கிப் படித்துவரும் நான், முதலில் அந்தக் குறிப்பைச் சட்டச் சடங்கு என்று நினைத்துக் கடந்துவிடுவது வழக்கம். இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கின்றன என்பது பிறகே புரிந்தது.

அமெரிக்காவின் பழைய சட்டப்படி, 1963 வரை அங்கு வெளியான எந்தப் படைப்புக்கும் முதலில் 28 ஆண்டு உரிமைதான் கிடைக்கும். இருபத்தெட்டாம் ஆண்டில் உரியவர் விண்ணப்பித்துப் புதுப்பித்தால் மட்டுமே அது நீளும். 1992இல் வந்த திருத்தம், 1964 முதல் வெளியானவற்றுக்குப் புதுப்பித்தலைத் தானாகவே நடப்பதாக ஆக்கியது. அதற்கு முந்தியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. மலிவுத் தாளில் 25 சென்ட்டுக்கு விற்ற ஒரு மாத இதழில் வந்த கதையை, அந்தப் பத்திரிகையே மூடப்பட்ட பிறகு, எழுதியவர் வேறு தொழிலுக்குப் போய்விட்ட பிறகு, சில வேளைகளில் அவர் இறந்தே போன பிறகு, கணக்குவைத்து யார் போய்ப் புதுப்பிப்பார்கள்? புகழ்பெற்றவர்களுக்கு முகவர்கள் இருந்தார்கள், வாரிசுகள் இருந்தார்கள், தொகுப்புகள் மறுபதிப்பாகிக்கொண்டே இருந்தன. அதனால் அவர்களுடைய பெரும்பாலான கதைகளை இன்றும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். கவனிக்க ஆளில்லாத கதைகள், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமையாயின. நம் ஊரில் ஒருவருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கும்போது குடும்பத்துக்கு ஒரு தொகையாவது வந்துசேரும். இங்கே யாருக்கும் எதுவும் வரவில்லை. ஒரு விண்ணப்பம் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, அறிவியல் புனைகதை வரலாற்றின் முதல் வரிசையைத் தேடி இங்கே வருபவர் ஏமாந்துபோகக்கூடும். இரண்டாம், மூன்றாம் வரிசையில் இருந்தவர்களைத் தேடி வருபவருக்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைவிட நல்ல இடம் இணையத்தில் இல்லை.

சேவையைப் பற்றிய பொதுத் தகவலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மைக்கேல் ஹார்ட் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றியதில் இது தொடங்கியது. இப்போது 75,000க்கும் மேற்பட்ட மின்னூல்கள் இருக்கின்றன. கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டாம், விளம்பரம் கிடையாது. நம்மவர்களுக்கு, தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழக்கமானது என்பதால் இதன் நோக்கத்தை விளக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து, மெய்ப்புப் பார்க்கும் வேலையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தன்னார்வலர்களிடம் கொடுக்கும் தனித் தளம் ஒன்றும் இயங்குகிறது. வருடி எடுத்த பக்கத்தின் படம் ஒருபுறமும் கணினி படித்த எழுத்து மறுபுறமுமாக நிற்க, ஒரே பக்கத்தை ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

அந்த உழைப்பின் மதிப்பு எனக்குத் தெரிந்தது வேறொரு கடையில் ஏமாந்த பிறகுதான். பெயர் வேண்டாம், ஒரு மின்னூல் கடையில், பழைய அறிவியல் கதைகளின் 'மாபெரும் தொகுப்பு' என்ற தலைப்பில் விற்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். பொருளடக்கம் வேலை செய்யவில்லை, மேற்கோள் குறிகள் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கேள்விக்குறிகள் கிடந்தன, ஒரு கதை பாதியில் நின்று அடுத்த கதை அதே பத்தியில் தொடர்ந்தது. அதிலிருந்த கதைகளில் பெரும்பாலானவை குட்டன்பர்க்கில் இலவசமாக, பிழையில்லாமல், படங்களோடு இருக்கின்றன. படங்களை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. கேலக்ஸி போன்ற பத்திரிகைகளின் பக்கங்களில் 'எம்ஷ்' என்று கையெழுத்திட்டு வரைந்த எட் எம்ஷ்வில்லரின் கோட்டோவியங்களும், கதைத் தலைப்பின் கீழே ஆசிரியர் குழு எழுதிச் சேர்த்த ஓரிரு வரிக் குறும்பும் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கின்றன. தொகுப்பு நூல்களில் முதலில் காணாமல் போவது இவைதான்.

இனி, அலமாரியில் என்ன இருக்கிறது என்பது. நான் யாருக்குப் பரிந்துரைத்தாலும் முதலில் சொல்வது கேத்தரின் மெக்லீன் எழுதி, கேலக்ஸியின் 1952 செப்டம்பர் இதழில் வந்த 'தி ஸ்னோபால் எஃபெக்ட்' என்ற கதையை. ஒரு பல்கலைக்கழகத் தலைவர் தன் சமூகவியல் துறைப் பேராசிரியரைக் கூப்பிட்டு, உங்கள் துறையால் என்ன பயன் என்று கேட்பதில் கதை தொடங்குகிறது. நிதி ஒதுக்க வேண்டுமென்றால் பயனைக் காட்டியாக வேண்டும். பேராசிரியர் காஸ்வெல், அமைப்புகள் எப்படி வளர்கின்றன என்பதற்குத் தன்னிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது என்கிறார். சோதிப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுப்பது வாட்டஷா என்ற சிற்றூரின் தையல் வட்டத்தை. தர்மத்துக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண்கள் சிலர் கூடும் சாதாரணச் சங்கம் அது. அதற்கு ஒரு புதிய விதிமுறைத் தொகுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்க்கும்போது அந்தச் சங்கம் என்னவாகியிருக்கிறது என்பதுதான் கதை. ராக்கெட் இல்லை, வேற்றுக் கிரகவாசி இல்லை. சமூகவியலையே அறிவியலாக வைத்து, ஒரு சங்கத்தின் விதிமுறையையே இயந்திரமாக வைத்து எழுதப்பட்ட கதை. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும், 'நீங்கள் இருவரைச் சேர்த்துவிடுங்கள்' என்று வீடு தேடி வரும் நண்பரிடம் அகப்பட்டவர்களுக்கும் இதன் நகைச்சுவை எந்த விளக்கமும் இல்லாமல் பிடிபடும். மெக்லீன் அறிவியல் புனைகதைக்குத் தரப்படும் நெபுலா விருதை 1971ஆம் ஆண்டுக்குப் பெற்றவர், 2019 வரை வாழ்ந்தவர். ஆனாலும் பரவலாகப் படிக்கப்பட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. எழுதியது குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். சிறுகதையில் நின்றுவிட்டவர்களை நாவல் சந்தை மறந்துவிடும் என்பது இன்னொன்று.

எச். பீம் பைப்பரின் நிலை வேறு. பென்சில்வேனியாவின் அல்டூனா நகரத்தில் ரயில்வே பணிமனைக் காவலாளியாக வேலை பார்த்தபடி எழுதியவர். 1964 நவம்பரில், பண நெருக்கடிக்கு நடுவில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1962இல் வந்த அவருடைய 'லிட்டில் ஃபஸ்ஸி' நாவலைப் புதுப்பித்திருக்க வேண்டிய ஆண்டு 1990. யாரும் புதுப்பிக்கவில்லை. இன்னும் இரண்டு ஆண்டு தள்ளி வெளியாகியிருந்தால் சட்டமே அதைக் காத்திருக்கும். இன்று குட்டன்பர்க்கில் அது இருந்திருக்காது. அதைவிடவும் எனக்குப் பிடித்தது, அஸ்டவுண்டிங் பத்திரிகையின் 1957 பிப்ரவரி இதழில் வந்த 'ஆம்னிலிங்குவல்'. செவ்வாயில் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் நகரத்தை அகழ்கிறார்கள். மார்த்தா டேன் என்ற தொல்லியலாளர் அங்கே கிடைத்த தாள்களின் எழுத்தைப் படிக்க முயல்கிறார். உடன் இருப்பவர்கள், இருமொழிக் கல்வெட்டு கிடைக்காமல் எந்த எழுத்தையும் படிக்க முடியாது, செவ்வாய்க்கு ரோசெட்டா கல் கிடைக்கவே போவதில்லை என்று சொல்லி அவரைத் தளரச் செய்கிறார்கள். சிந்துவெளி முத்திரைகளைப் பற்றி நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே வாதம். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பைப் புரட்டிப் பார்த்த எவருக்கும், மார்த்தாவின் மேசையில் அடுக்கப்பட்டிருக்கும் குறிப்புகளின் அலுப்பூட்டும் பொறுமை பழகியதாகவே தோன்றும்.

இந்தக் கதையில் ஒரு காட்சியை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். மார்த்தா ஒலிமதிப்புகளைத் தன் வசதிக்கு இட்டுக்கொண்டு ஒரு அச்சுப் பக்கத்தின் தலைப்பை 'மஸ்தார்நார்வோட் தடாவாஸ் ஸார்ன்ஹுல்வா' என்று எழுத்துக்கூட்டுகிறார். பொருள் தெரியாது, ஆனால் எண்கள் அமைந்த விதத்தையும் பக்கத்தின் அமைப்பையும் பார்த்து, இது ஒரு பருவ இதழ், ஏதோ ஒரு துறையின் ஆய்வேடு என்று ஊகிக்கிறார். ஒரு செத்துப்போன பத்திரிகையின் பெயர்ப் பலகையிலிருந்து ஒரு மொழியின் கதவு திறக்கிறது. பிற்பாடு ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் சுவரில் அவர் காணும் அட்டவணை எது என்பதை வேதியியல் படித்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். மற்றவர்களுக்காக நான் சொல்லாமல் விடுகிறேன். அறுபது ஆண்டுக்கும் மேல் பழைய ஒரு மாத இதழின் பக்கங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படிக்கும்போது, படிப்பவரும் மார்த்தாவின் வேலையில் கொஞ்சம் பங்கெடுப்பதுபோல் இருக்கிறது. சிகரெட் புகைத்துக்கொண்டே அகழ்வாய்வு செய்யும் அந்தக் காலத்து வழக்கங்கள் கண்ணில் உறுத்தத்தான் செய்யும்.

இவெலின் ஸ்மித் என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கேலக்ஸியின் அதே 1952 செப்டம்பர் இதழில் வந்த 'டீ ட்ரே இன் தி ஸ்கை' கதையில், எல்லாக் கிரகத்தவரும் செய்யக்கூடாது என்று விலக்கிவைத்தவை எல்லோருக்கும் சட்டமாகிவிடுகின்றன. யாரோ ஒரு கிரகத்தார் முகம் சுளிப்பார்கள் என்பதால் சாப்பாட்டைப் பற்றிப் பொதுவில் பேசுவதுகூட ஆபாசமாகிறது. ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். மெக்லீனின் கதையோடு இது ஒரே இதழில் வந்தது என்ற தகவல் குட்டன்பர்க்கில் எங்கும் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. இரண்டு கோப்புகளின் குறிப்புகளையும் படித்து நானே பொருத்திப் பார்த்துக்கொண்டதுதான்.

இதிலிருந்து முதல் குறைக்கு வருகிறேன். கேலக்ஸி, இஃப், பிளானட் ஸ்டோரீஸ் போன்ற பத்திரிகைகளின் கதைகள் ஒவ்வொன்றும் தனித்தனி மின்னூலாகக் கிடக்கின்றன. இருபது பக்கக் கதைக்கும் ஆயிரம் பக்க நாவலுக்கும் பட்டியலில் ஒரே மரியாதை. ஓர் இதழை, ஆசிரியர் அதைத் தொகுத்த வரிசையில், ஒன்றையடுத்து ஒன்றாகப் படிக்க வழியில்லை. கேலக்ஸியைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு. அதன் ஆசிரியர் ஹொரேஸ் கோல்ட், போருக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியேற முடியாத மன அச்சத்தால் நியூயார்க்கில் தன் குடியிருப்பிலிருந்தே, தொலைபேசியிலேயே பத்திரிகையை நடத்தியவர், கதைகளை ஓயாமல் திருத்தச் சொன்னவர். அவர் எந்தக் கதையை எந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்தார் என்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான். முழு இதழாகவே கிடைப்பவை 1930இல் தொடங்கிய அஸ்டவுண்டிங்கின் ஆரம்ப இதழ்கள். முதல் இதழில் அண்டார்க்டிகாவின் அடியிலிருந்து ராட்சத வண்டுகள் படையெடுத்து வருகின்றன; விக்டர் ரூசோ எழுதியது. கதைகளின் தரத்தைப் பற்றி நான் பொய் சொல்லப் போவதில்லை, பல கதைகளைப் பாதியில் விட்டிருக்கிறேன். ஆனால் வாசகர் கடிதப் பகுதிக்காக அந்த இதழ்களை இறக்கலாம். அறிவியல் போதவில்லை என்று ஒருவரும், அறிவியல் அதிகம் என்று இன்னொருவரும் சண்டை போடுவதைப் பார்த்தால், நம் சிறுபத்திரிகைக் கடிதங்களை நினைத்துச் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது குறை கனமானது. எழுதியவர் யார் என்பதைப் பற்றி இந்தத் தளம் அநேகமாக எதுவும் சொல்வதில்லை. பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், சில வேளைகளில் அவையும் இல்லை. அதிலும் பத்திரிகையில் எந்தப் பெயர் அச்சானதோ அந்தப் பெயரையே நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. கேலக்ஸியின் 1951 ஜூலை இதழில் வந்த 'சிண்ட்ரோம் ஜானி' என்ற கதையின் மேல் சார்லஸ் டை என்ற பெயர் இருக்கிறது. எழுதியவர் மெக்லீன், அவர் மணந்துகொண்டவரின் பெயரில் வெளியானது. குட்டன்பர்க்கை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பவர் டை என்ற இன்னொரு மறக்கப்பட்ட எழுத்தாளரைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்துபோவார். நான் மகிழ்ந்திருக்கிறேன்.

இந்தக் குறைக்குத் துணையாக இரண்டு தளங்களைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, 1995இல் தொடங்கிய, ஐஎஸ்எஃப்டிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் புனைகதைத் தரவுத்தளம். பார்க்க அரசு அலுவலகப் பதிவேடுபோல் வறண்டிருக்கும். ஆனால் ஒரு கதை எந்த இதழில் முதலில் வந்தது, எந்தப் புனைபெயரில் வந்தது, பின்னர் எந்தத் தொகுப்பில் சேர்ந்தது என்பதை வரிசையாகக் காட்டும். புகழ்பெற்றவருக்கும் ஒரே கதை எழுதி ஓய்ந்தவருக்கும் அங்கே ஒரே அளவு எழுத்துதான். மற்றொன்று, ஜான் க்ளூட்டும் டேவிட் லாங்ஃபோர்டும் முன்னின்று வளர்த்துவரும் அறிவியல் புனைகதைக் கலைக்களஞ்சியம். 1979இல் பீட்டர் நிக்கல்ஸ் முதன்மை ஆசிரியராக இருந்து அச்சு நூலாகக் கொண்டுவந்தது. 2011 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் மதிப்பீடு இருக்கும், காரமும் இருக்கும். க்ளூட்டின் ஆங்கிலம் கொஞ்சம் முறுக்கு; அகராதி தேவைப்படும். குட்டன்பர்க்கில் கதை, தரவுத்தளத்தில் ஆண்டும் இதழும், களஞ்சியத்தில் கருத்து என்று மூன்றையும் சேர்த்தால்தான் ஓர் எழுத்தாளர் முழுமையாகக் கண்ணுக்குத் தெரிகிறார்.

மூன்றாவது குறையைக் குறை என்று சொல்வதைவிட எல்லை என்று சொல்லலாம். இந்த அலமாரி அமெரிக்கச் சட்டத்தால் வடிகட்டப்பட்டது என்பதால் அமெரிக்கப் பத்திரிகைகளின் பக்கமே சாய்ந்து நிற்கிறது. இதை மட்டும் பார்ப்பவர், இந்த இலக்கியமே 1926இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் அமேஸிங் ஸ்டோரீஸ் இதழைத் தொடங்கியபோது பிறந்தது என்று நம்பிவிடக்கூடும். மியூனிக் நகரிலிருந்து 1919 முதல் 1921 வரை வந்த 'டெர் ஆர்கிடேன்கார்ட்டன்' என்ற விநோதக் கதைப் பத்திரிகையைப் பார்க்க வேண்டுமென்றால் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்துக்குப் போக வேண்டும். ஜெர்மன் தெரியாத நான் அட்டைப் படங்களுக்காகவே அதில் ஒரு மாலை முழுவதையும் கழித்தேன். நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ரொக்கையா சகாவத் உசேன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் முதன்முதலில் அச்சேறியது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகஸீன்' இதழில். சூரிய வெப்பத்தைச் சேமித்துவைக்கும் கருவி, மேகத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும் பலூன், ஆண்களை வீட்டுக்குள் அடைத்துவிட்டுப் பெண்கள் நடத்தும் நாடு என்று அமேஸிங் ஸ்டோரீஸ் பிறப்பதற்கு இருபத்தோரு ஆண்டுக்கு முன்பே ஒரு சென்னைப் பத்திரிகை அச்சிட்டிருக்கிறது. கதையின் பாடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெண் எழுத்தாளர் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. அறிவியல் புனைகதை வரலாற்றில் அதிகம் அறியப்படாத பத்திரிகைகளைப் பட்டியலிடும்போது நாம் முதலில் எழுத வேண்டிய பெயர் இது.

பயன்படுத்துவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். தளத்தின் தேடல் பெட்டி நூலின் பெயர், ஆசிரியரின் பெயர் போன்ற விவரங்களைத்தான் தேடுகிறது. கதைக்குள்ளிருக்கும் சொற்களை அது தேடுவதில்லை. எனவே தரவுத்தளத்தில் ஓர் இதழின் பொருளடக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்பாக இங்கே இட்டுப் பார்ப்பதே என் வழக்கம். மொழிபெயர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கதையின் முதல் வரிக்கு முன்னால் நிற்கும் அந்தக் குறிப்பு பேசுவது அமெரிக்க உரிமையைப் பற்றி மட்டுமே, மற்ற நாட்டவர் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தளமே சொல்லிவிடுகிறது. படித்து மகிழ்வது ஒன்று, தமிழாக்கி விற்பது வேறு. இறக்கும்போது படங்கள் உள்ள கோப்பு, படங்கள் இல்லாத கோப்பு என இரண்டு வகை இருக்கும். இரண்டாவது சிறியது என்பதால் கை அங்கே போகும். போக விடாதீர்கள், எம்ஷின் ஓவியங்கள் முதலாவதில்தான் இருக்கின்றன.